வன்புலத்து நகரம்: நொய்யல் படுகையில் திருப்பூரின் தொழில் வரலாறும் இயல்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றங்கரையில் அமைந்த நகரம் ஆற்றின் வளத்தால் வளர்ந்தது எனக் கொள்வது வழக்கம். நொய்யல் ஆற்றின் இரு கரையிலும் பரந்துள்ள திருப்பூருக்கு இவ்வழக்கு பொருந்தவில்லை. இந்நகரின் தொழில், ஆற்று நீரால் அன்றி, நீர் அரிதான வன்புல வாழ்வு கற்பித்த உழைப்பாலும், படுகையினூடே சென்ற பெருவழியாலும் உருவானது. ஆற்றை நம்பி எழாத நகரம் அதனைத் தன் கழிவுவாய்க்காலாகக் கருதியதும், அதன் விளைவைக் கீழ்ப்படுகை உழவர் ஏற்க நேர்ந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. சங்க இலக்கியம், கொடுமணல் அகழாய்வு, நவீன தொழில் வரலாறு, நாவல்கள் ஆகியவற்றை ஒருங்குவைத்து இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நொய்யல், திருப்பூர், வன்புலம், கொடுமணல், பனியன் தொழில், சாயக்கழிவு, கீழ்ப்படுகை.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. பேரூர்ப் புராணம் இவ்வாற்றைக் காஞ்சிமாநதி எனப் போற்றும். அளவில் இது சிற்றாறு. ஆயினும் கோயம்புத்தூரும் திருப்பூரும் ஆகிய இரு பெருந்தொழில் நகரங்கள் இதன் கரையில் எழுந்துள்ளன.

இப்படுகை குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருபுறம், பதிற்றுப்பத்தையும் கொடுமணலையும் முன்வைத்துத் தொன்மை பேசும் வரலாற்று எழுத்து. மறுபுறம், சாயக்கழிவையும் நீதிமன்ற வழக்குகளையும் முன்வைத்து அண்மைக்காலச் சீர்கேட்டைப் பேசும் சூழலியல் எழுத்து. முன்னது பெருமிதத்தில் முடிகிறது. பின்னது இரங்கலில் முடிகிறது. பழைய நல்லாறு புதிய தொழிலால் கெட்டது என்னும் எளிய கதை இப்பிரிவால் உருவாகிறது. அக்கதை முழு உண்மையன்று. திருப்பூரை அறியப் படுகை முழுவதையும் ஒரே நிலமாகக் கொண்டு பார்த்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வன்புலமும் நீரும்

சங்க இலக்கியம் நிலத்தை மென்புலம், வன்புலம் என வகுத்துக் காணும் மரபுடையது. மருதமும் நெய்தலும் மென்புலம். குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். பேரூர்களையும் வளத்தையும் மருதத்தோடு இணைத்துக் காண நாம் பழகியுள்ளோம். கொங்கர் நாட்டைப் பாடும் இடங்களில் இப்பழக்கம் மாறுபடுகிறது.

அகநானூற்று 79ஆம் பாடல், வலிய கைகளையுடைய ஆடவர் தீப்பொறி எழக் கல்லை உடைத்துத் தோண்டிய உவர்நீர்க் குழியைக் காட்டுகிறது. மணி கட்டிய கொங்கரின் ஆநிரை நீர் வேட்டு அவ்வழியே செல்கிறது. பதிற்றுப்பத்தின் 22ஆம் பாடலும், சிறிதே ஊறிய நீரைக் கயிறு கட்டிய முகவையால் முகக்க, அதனைச் சூழ்ந்து ஆநிரை மொய்க்கும் நாடாகக் கொங்கர் நாட்டைச் சித்திரிக்கிறது. இவ்விரு பாடல்களும் மூன்று செய்திகளைத் தருகின்றன. நீர் நிலத்தின் மேலே ஓடவில்லை, கீழே கிடக்கிறது. அதனைப் பெறப் பாறையோடு போராட வேண்டும். பெற்ற நீரும் சிறிது, உவர்ப்புடையது. புலவர்கள் கொங்கரை ஆற்றால் அன்றிக் கிணற்றால் அடையாளப்படுத்தியுள்ளமை கருதத்தக்கது.

கொங்குநாடு மலையின் மழைமறைவுப் பகுதி. நொய்யலில் மலைமழை பெய்தபோது வெள்ளமும் பிற காலத்தில் மணலும் இருப்பது இயல்பு. எனவே நடுப்படுகை உழவு, ஆற்றுப் பாசனத்தைவிடத் தோட்டக் கிணற்றையும் மானாவாரிப் புன்செயையும் மேய்ச்சல் நிலத்தையும் சார்ந்தே வளர்ந்தது. காங்கேயம் காளைகள் இவ்வன்புல வாழ்வின் இன்றைய எச்சம்.

கொடுமணல்: வினையும் வழியும்

நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்களில் கொடுமணம் எனக் குறிக்கப்படும் ஊர் என்பது அறிஞர் துணிபு. கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய இவ்விரு பாடல்களிலும் கொடுமணம் அரிய அணிகலன்களின் பிறப்பிடமாகவும், பந்தர் என்னும் ஊர் முத்தோடு தொடர்புடையதாகவும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. ஓர் ஊரை அதன் வயலாலோ துறையாலோ சிறப்பிக்காமல், அங்குச் செய்யப்பட்ட வேலைப்பாட்டால் சிறப்பிக்கும் இம்முறை தனித்து நோக்கத்தக்கது.

புலவர் செ. இராசு முதலானோரின் கள ஆய்வாலும், 1980களின் இடைப்பகுதி முதல் எ. சுப்பராயலு, கா. இராசன் ஆகியோர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் மேற்கொண்ட அகழாய்வாலும் இலக்கியச் செய்திக்கு மண்ணில் சான்று கிடைத்தது. இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்கள், நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியன வெளிப்பட்டன. இரும்புத்தாது சென்னிமலைப் பகுதியிலும், பச்சைக்கல் படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலும் கிடைத்தன. சூதுபவளம் போன்ற கற்கள் தொலைவிலிருந்து வந்தன. பானையோடுகளில் தமிழ்ப் பெயர்களுடன் பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் உள்ளமை, இவ்வூருக்குப் பிற நிலத்தாரோடு இருந்த தொடர்பைக் காட்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழியே இத்தொடர்புக்குக் காரணம். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த உரோமானியக் காசுகள் அவ்வழியின் போக்கை உறுதிப்படுத்துகின்றன. பிற்காலத்தும் இவ்வழி பொருள் நடமாடும் வழியாகவே நினைவுகூரப்பட்டது. சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடு வந்த சுந்தரர், திருப்பூருக்கு அணித்தான திருமுருகன்பூண்டியில் வேடுவரிடம் அதனைப் பறிகொடுத்தார் என்னும் வரலாறும் அத்தலப் பதிகமும், பெருவழியின் செல்வத்தையும் அச்சத்தையும் ஒருசேரப் பதிந்துள்ளன.

கொடுமணலின் வழித்தோன்றலே திருப்பூர் எனக் கூறுதல் பொருந்தாது. இரண்டுக்கும் இடையே நீண்ட கால இடைவெளி உண்டு. தொழிலும் தொழில் செய்தோரும் வேறு. தொடர்வது மரபன்று, நிலம் விதித்த நிலைமை. வயல் வளம் குறைந்து வழி வளம் மிக்க நிலத்தில், கைவினையும் வாணிகமும் உழவின் குறையை ஈடுசெய்கின்றன. ஒரே நிலைமைக்கு இரு காலங்கள் தந்த இரு விடைகளாக இவ்வூர்களைக் கொள்ளலாம்.

அணையும் குளமும்: மேற்படுகையின் நீர்முறை

படுகை முழுவதும் ஆற்றைப் பயன்கொள்ளவில்லை எனக் கூறலாகாது. மலையை அடுத்த மேற்படுகையில், பேரூர் தொடங்கிக் கோயம்புத்தூரைச் சூழ்ந்து, தடுப்பணைகளும் வாய்க்கால்களும் குளங்களும் கொண்ட ஒரு நீர்முறை அமைந்திருந்தது. அணையில் திரும்பும் வெள்ளம் வாய்க்கால் வழியே குளத்தை நிரப்பும். குளம் நிரம்பியபின் கலிங்கு வழியே வெளியேறும் நீர் அடுத்த குளத்துக்கோ மீண்டும் ஆற்றுக்கோ செல்லும்.

இம்முறையின் உயிர் மிகுநீர் என்னும் கருத்தில் உள்ளது. மேலுள்ளவனின் மிகுதி கீழுள்ளவனின் உரிமை. எனவே குளத்துப் பாசனம் உள்ள இடத்தில் அடுத்த ஊரின் நினைப்பு தவிர்க்க இயலாதது. கிணற்றுப் பாசனத்தில் இந்நிலை இல்லை. கிணறு தோட்டத்துக்குரியவனுடையது, அதன் ஆழம் அவன் உழைப்பின் அளவு, அடுத்தவனோடு நீர்க்கணக்குப் பார்க்கும் தேவை அங்குக் குறைவு. நடுப்படுகையில் வேரூன்றியது இக்கிணற்று வாழ்வே. திருப்பூரின் தொழில் பண்பாட்டை விளக்க இவ்வேறுபாடு உதவும்.

பஞ்சு, கதர், பனியன்

திருப்பூரின் நவீன வளர்ச்சியைத் தொடங்கிவைத்தது இருப்புப்பாதை. 1862இல் சென்னை மாகாணத்தின் மேற்குநோக்கிய இருப்புப்பாதை போத்தனூர்வரை எட்டியபோது, பழைய பெருவழியின் பணியை அது ஏற்றுக்கொண்டது. கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த பருத்தி, பஞ்சுச் சந்தைக்கும் அரவை ஆலைகளுக்கும் வந்து சேரும் ஊராகத் திருப்பூர் மாறியது.

1920களில் கதர் இயக்கத்தின் முதன்மை மையங்களுள் ஒன்றாக இவ்வூர் விளங்கியது. சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, திருப்பூருக்கு ஆலை வேலைக்கு வந்த குமரன், 1932 சனவரியில் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தில் காவலரின் தடியடிக்கு ஆளாகி உயிர்நீத்தார். நெசவூரிலிருந்து ஆலையூருக்குப் பெயர்ந்த ஓர் இளைஞரின் வாழ்வு, படுகையின் தொழில் இடப்பெயர்ச்சியையும் சுருக்கிக் காட்டுகிறது.

அதே காலத்தில் பின்னலாடைத் தொழிலும் இங்கு முளைத்தது. பனியன் என்னும் சொல்லின் வரலாறு இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. குசராத்தி வணிகரைச் சுட்டிய சொல், போர்த்துகீசியர் வாயிலாக ஆங்கிலத்துக்குச் சென்று, தளர்ந்த மேலாடையையும் பின்னர் உள்ளாடையையும் குறித்து, தமிழில் பனியன் என நிலைத்தது. வணிகனின் பெயர் ஆடையின் பெயராகி, ஆடையின் பெயர் நகரின் அடைமொழியாயிற்று. பல்லாண்டுகள் உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை உள்ளாடை தைத்த நகரம், 1970களின் இறுதியிலிருந்து ஐரோப்பியச் சந்தைக்கு வண்ண மேலாடை தைக்கும் நகரமாயிற்று. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் மாவட்டத் தலைநகராகவும் திருப்பூர் உயர்ந்தது.

வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு நேர்ந்த இம்மாற்றத்தைச் சந்தை மாற்றமாக மட்டும் கருதுதல் போதாது. ஆற்றின் வரலாற்றிலும் அதுவே திருப்புமுனை.

உழைப்பு என்னும் மூலதனம்

திருப்பூரின் தொழில் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் பேராலைத் தொழில் அன்று. பின்னல், சலவை, சாயம், வெட்டு, தையல், சரிபார்ப்பு, தேய்ப்பு, கட்டு எனப் பணிகள் சிறு கூடங்களாகப் பிரிந்துள்ளன. ஒரு துணி, ஆடையாகி முடிவதற்குள் நகரின் பல தெருக்களைக் கடக்கிறது. ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், பீஸ் ரேட், ஜாப் ஒர்க் எனத் தெருச் சுவரொட்டிகளில் காணும் சொற்கள் இப்பகுப்பின் அகராதி. காதர்பேட்டைக் கடைகளில் குவியும் ஏற்றுமதி மிச்சங்கள் இத்தொழிலின் மறுமுனை.

இவ்வமைப்பை ஆராய்ந்த சரத் சாரி, 2004இல் வெளிவந்த தம் நூலில், முதலாளிகளுள் பலர் உழவுக் குடும்பத்திலிருந்து தொழிலாளராக வந்து உரிமையாளரான கவுண்டர் என்பதையும், தம் உயர்வுக்குக் காரணமாக அவர்கள் தம் உழைப்பையே முன்வைப்பதையும் விரிவாக விளக்கியுள்ளார். தோட்டத்தில் கூலியாளோடு தாமும் இறங்கி வேலைசெய்த பழக்கம், பனியன் கம்பெனியில் இயந்திரத்தருகே நின்று வேலைவாங்கும் திறனாக மாறியது என்பது அவர் வாதத்தின் சாரம். சாதி, உறவு, நம்பிக்கை ஆகியன கடனுக்கும் கூட்டுத்தொழிலுக்கும் பிணையாயின.

அகநானூறு காட்டும் பாறை பிளந்து நீர் கண்ட கைகளை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். எனினும் உழைப்பு என்னும் சொல் இங்கு இருமுகம் உடையது. ஒருவரின் உயர்வை விளக்கும் அதே சொல், மற்றவரின் கூலிக் கோரிக்கையைத் தணிக்கவும் பயன்படும். 1984இல் பஞ்சப்படியை முன்னிட்டு நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தம் இம்முரணை வெளிப்படுத்தியது. அதன்பின் தொழில் மேலும் சிறு கூடங்களாகவும் ஒப்பந்த வேலையாகவும் சிதறியது. தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர்ப் பீகார், ஒடிசா, சார்க்கண்ட் முதலான மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இன்று இந்நகரின் உழைப்பாளர். தன் உழைப்பால் முதலாளி ஆகலாம் என்னும் பழைய உறுதிமொழி இவர்களுக்கு எட்டுமா என்பது வேறோர் ஆய்வுக்குரிய வினா.

சாயமும் உப்பும்

பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. சாயம் துணியில் தங்கும். உப்பு நீரோடு வெளியேறும். நிறத்தையும் அழுகும் பொருள்களையும் வழக்கமான சுத்திகரிப்பால் பெரிதும் நீக்கலாம். கரைந்த உப்பை நீக்க இயலாது. கண்ணுக்குத் தெளிந்த நீரும் நிலத்துக்கு நஞ்சாக அமைவது இதனால்தான். நொய்யல் பலவண்ணத்தில் ஓடியமையே பெரிதும் பேசப்பட்டது. உழவரை அழித்தது நிறமன்று, உப்பே.

திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். அந்நிலத்தின் பெரும்பகுதி கரூர்ப் பகுதியில் உள்ளது. ஆனால் அணையில் தேங்கியது சாயக்கழிவு கலந்த நீர். பாசனம் பெற வேண்டிய உழவரே அந்நீரை ஏற்க மறுத்தனர். தேக்கினால் சூழ்ந்துள்ள கிணறுகள் கெடும். திறந்தால் கீழுள்ள வயல்கள் கெடும். பாசனத்துக்கெனக் கட்டிய அணை, கழிவைத் தேக்கும் தொட்டியானது. கொடுமணலுக்கும் இவ்வணைக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டரே. படுகையின் மிகப் பழைய தொழிற்சான்றும் மிக அண்மைத் தொழிற்சான்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

நகரம் தன் தேவைக்கு இவ்வாற்றை நம்பவில்லை. சாயப்பட்டறைகள் சுற்றுப்புற ஊர்களின் கிணற்று நீரை லாரிகளில் வாங்கின. பின்னர், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறனுடைய திட்டத்தின்வழிப் பவானிப் பகுதியிலிருந்து காவிரிநீர் கொண்டுவரப்பட்டது. ஆற்றங்கரை நகரம் வேற்றாற்று நீரைப் பெற்று, தன் ஆற்றில் கழிவை விட்டது. நகருக்குள் எவருடைய வயலும் நொய்யலை நம்பி இராதபோது, அதன் கேட்டை உணர்ந்து தடுக்கும் தன்னலம்கூட நகருக்குள் எழவில்லை. தடுக்க முனைந்தோர் கீழ்ப்படுகை ஆயக்கட்டு உழவர். அவர்களின் வழக்கில் 2006இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் கழிவை முற்றாகத் தடுக்க ஆணையிட்டன. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதன்பின், கழிவுநீரைச் சவ்வுகளின்வழி வடித்தும் எஞ்சியதை ஆவியாக்கியும் நீரையும் உப்பையும் மீட்கும் முறையை ஏற்ற நிலையங்கள் படிப்படியாக இயங்கத் தொடங்கின. இத்தொழில்நுட்பம் செலவும் மின்சாரமும் மிகுதியாகக் கோருவது. எனினும் அது உணர்த்துவது பழைய குளத்து அறமே: கீழுள்ளவனுக்குத் தீங்கு செல்லாதவாறு மேலுள்ளவன் கணக்குத் தீர்க்க வேண்டும். மேற்படுகையின் கலிங்கு கற்பித்த பாடத்தை, நடுப்படுகை நீதிமன்றத்தின் வழியே கற்க நேர்ந்தது.

நாவல்களில் ஆறு

இவ்வரலாற்றைத் தமிழ் நாவல் மூன்று நிலைகளிலிருந்து நோக்கியுள்ளது. சுப்ரபாரதிமணியனின் சாயத்திரை, சாயக்கழிவு நகரத்து மனிதரின் உடலிலும் உறவிலும் படிவதைக் காட்டுகிறது. எம். கோபாலகிருஷ்ணனின் மணல்கடிகை, நண்பர் ஐவரின் வாழ்வினூடே பனியன் தொழிலின் ஏற்றத்தையும் அது தரும் மயக்கத்தையும் பேசுகிறது. தேவிபாரதியின் நொய்யல், ஆற்றங்கரைச் சிற்றூர் மக்களின் நினைவையும் தொன்மத்தையும் மையமாகக் கொள்கிறது. முதல் இரண்டும் நகரிலிருந்து எழுந்தவை. மூன்றாவது கரையூரிலிருந்து எழுந்தது.

இம்மூன்றையும் தனித்தனியே சூழலியல் நாவல், தொழில் நாவல், வட்டார நாவல் என வகைப்படுத்திப் பயில்வது நம் வகுப்பறை வழக்கம். ஒரே படுகையின் நாவல்களாக ஒருங்குவைத்துப் பயின்றால், ஒன்றில் பின்னணியாக நிற்பது மற்றொன்றில் வாழ்வாக இருப்பது புலப்படும். நகர நாவலில் பாலத்தடியில் தோன்றி மறையும் ஆறே, கரையூர் நாவலில் தலைமுறைகளின் நினைவாக விரிகிறது. அவ்விடைவெளியே நகரத்துக்கும் கீழ்ப்படுகைக்கும் இடையே நின்ற வழக்கின் இலக்கிய வடிவம் எனலாம்.

தொகுப்புரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சங்கப் பாடல்கள் கொங்கர் நாட்டை ஆற்றுவளத்தால் அன்றிக் கிணற்று உழைப்பால் அடையாளப்படுத்துகின்றன. திருப்பூர் மருத நகரம் அன்று; வன்புலத்து நகரம்.

2. கொடுமணலுக்கும் திருப்பூருக்கும் நேரடி மரபுத் தொடர்ச்சி இல்லை. பெருவழியும் வயல்வளக் குறைவும் ஆகிய நிலைமைகளே இரு தொழிலூர்களுக்கும் பொது.

3. நகரை உருவாக்கிய தற்சார்புடைய கிணற்றுப் பண்பாடு, மேற்படுகைக் குளமுறையில் இருந்த பகிர்வுப் பொறுப்பைத் தன்னுள் கொண்டிருக்கவில்லை. ஆற்றின் கேட்டுக்குத் தொழில்நுட்பக் குறையோடு இதுவும் காரணம்.

4. சாயத்தொழிலின் செலவு நகரின் கணக்கேட்டில் இடம்பெறாமல் கீழ்ப்படுகை உழவரின் நிலத்தில் எழுதப்பட்டது. எனவே திருப்பூரின் வரலாறு ஒரத்துப்பாளையத்தையும் கரூரின் வயல்களையும் உள்ளடக்கியே எழுதப்பட வேண்டும்.

5. இப்படுகையின் நாவல்களை ஒருங்குவைத்துப் பயில்வது, திணைக் கோட்பாட்டை இன்றைய தொழில்நிலத்துக்குப் பொருத்திக் காண வழிவகுக்கும்.

திருப்பூரின் உழைப்பைப் போற்றுவோர் அதன் ஆற்றை மறக்கின்றனர்; ஆற்றுக்கு இரங்குவோர் பெரும்பாலும் அதன் உழைப்பாளரை மறக்கின்றனர். நீரைத் தோண்டி எடுக்கக் கற்ற நிலம் அதனைப் பகிரவும் கற்குமா என்பதே இப்படுகையின் முன் நிற்கும் வினா. அதற்கு விடை காணும் ஆய்வு, நகர எல்லையில் நில்லாது, நொய்யல் காவிரியில் கலக்கும் இடம்வரை செல்லுதல் வேண்டும்.